ஆண் பன்றி வாசனை ஸ்பிரே: இளசுகளுக்காக வாங்கினால் காசு தண்டம்

ஏழு மாதம் முடிந்தும் எங்கள் வெண்பன்றிகளில் இளசுகள், அதாவது இன்னும் குட்டி போடாத பெண் பன்றிகள், எட்டில் ஒன்றுகூடப் பருவத்துக்கு வரவில்லை. தீவனச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போக, அந்தக் கவலையில், ஆண் வாசனை பட்டால் பருவத்துக்கு வந்துவிடும் என்று ஆன்லைனில் தேடி வாங்கியதுதான் இந்த ஸ்பிரே. கம்பெனி பெயர் வேண்டாம். ஆண் பன்றியின் எச்சிலில் இருக்கிற ஆண்ட்ரோஸ்டினோன் என்ற பொருளைச் செயற்கையாகச் செய்து டப்பாவில் அடைத்திருக்கிறார்கள். பழைய மூத்திர நெடி. முதல் நாளே வீட்டில் சட்டையை வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு வாரம், காலையும் மாலையும், மூக்குக்கு நேரே அடித்தேன். முகர்ந்து பார்க்கும், தலையை உதறும், தொட்டிக்குத் திரும்பிவிடும், அவ்வளவுதான்.

கால்நடை டாக்டரிடம் சொன்னால் சிரிக்கிறார். பின்பக்கக் கொட்டிலில் ஒன்றரை வயது ஆண் பன்றி நிற்கிறதே, அதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்றார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். அது ஏறிவிடும் என்ற பயத்தில் இளசுகள் பக்கமே நான் கொண்டுவந்ததில்லை. டாக்டர் சொன்னது இதுதான்: வாசனை முக்கியம்தான், எச்சில் சுரப்பியை எடுத்துவிட்ட ஆண் பன்றிகளை விட்டுப் பார்த்த ஆராய்ச்சியில் பலன் குறைந்ததாம். ஆனால் அதன் உறுமல், உரசல், விலாவில் மூக்கால் இடிப்பது எல்லாம் சேர்ந்தால்தான் முழுப் பலன். ஏழெட்டு மாதக் குட்டி ஆணை விட்டாலும் பிரயோஜனமில்லை, வாயில் அந்த நுரையும் நெடியும் ஊற பத்து மாதமாவது ஆக வேண்டும்.

சரி என்று தினமும் காலையில் எங்கள் ஆணைக் கால் மணி நேரம் இளசுகளிடம் விட்டு, ஏறாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்றேன். முடிந்ததும் தூரக் கொட்டிலுக்கே ஓட்டிவிட வேண்டும், எந்நேரமும் பக்கத்தில் இருந்தால் பழகிப்போய் சூட்டை, அதாவது இணை சேரத் தயாராகும் நாளை, கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிடும். ஒன்பதாம் நாள் ஒரு இளசுக்குப் பின்பக்கம் சிவந்து வீங்கியிருந்தது. இடுப்பில் கை வைத்து அழுத்தினேன், காதை விறைத்துக்கொண்டு சிலை மாதிரி நின்றது. மூன்று வாரத்தில் ஆறு சூட்டுக்கு வந்துவிட்டன. வயதும் கூடத்தான் ஆகியிருக்கிறது, மொத்தப் பெருமையும் ஆணுக்கே என்று சொல்ல மாட்டேன்.

ஸ்பிரே அடியோடு வீண் என்றும் இல்லை. ஆண் பன்றி இல்லாமல் சினை ஊசி போடுகிற பண்ணைகளில், சூட்டில் இருக்கிறதா என்று முதுகை அழுத்திப் பார்க்கும்போது அடித்தால் உதவுகிறது. அதற்காக ஐந்துக்கு இரண்டு ஸ்டார். முதல் சூட்டில் நான் சேர்க்கவில்லை, அடுத்த சூட்டுக்கான 21 நாள் கணக்கைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன், மிச்சம் இரண்டு இன்னும் வரவில்லை.