அரசு ரயிலானது சரி, பெட்டிகள் எங்கே?

லண்டனுக்குப் போகும் எங்கள் வழித்தடம் அரசு கைக்கு வந்த பிறகும் மாறாத ஒன்று, காலையில் வரும் குட்டை ரயில். எட்டுப் பெட்டி வர வேண்டிய நேரத்தில் பலகையில் '4 பெட்டிகள்' என்று விழும். பிளாட்பாரக் கோடியில் நிற்பவர்கள் அதைப் பார்த்ததும் நடுவை நோக்கி ஓடுவார்கள். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நிற்பவர் ஓடவும் முடியாமல், ஏறவும் முடியாமல் அடுத்த ரயிலுக்கு ஒதுங்குவார். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் அரசு கட்டுப்படுத்தும் கட்டணங்கள் 2027 மார்ச் வரை ஏறாது. சீசன் டிக்கெட்டும் அதில் சேர்த்தி. 30 ஆண்டுகளில் இதுதான் முதல் தடவை. ரயில் வழியில் நின்றுவிட்டால் காரணத்தையும் இப்போது உடனே சொல்கிறார்கள். ஊழியர்கள் அதே பழைய ஆட்கள்தான்.

அப்புறம் பெட்டிக்கு மட்டும் என்ன கேடு? 2024இல் நிறைவேறிய சட்டம், ரயில் ஓட்டும் பொறுப்பைத்தான் அரசிடம் கொண்டுவந்தது. தண்டவாளம் ஏற்கெனவே நெட்வொர்க் ரெயில் வசம், அதாவது அரசிடமே இருக்கிறது. பெட்டிகள் அப்படியில்லை. 1990களில் தனியார்மயமானபோது அதுவரை ரயில்களை நடத்திய அரசு நிறுவனமான பிரிட்டிஷ் ரெயிலின் வண்டிகளை ஏஞ்சல், போர்ட்டர்புரூக், எவர்ஷோல்ட் என்று மூன்று குத்தகை நிறுவனங்களாகப் பிரித்து விற்றார்கள். வண்டியை வாடகைக்கு எடுக்கும் அந்த முறை இன்னும் தொடர்கிறது. சும்மா நிற்கும் வண்டிக்கும் வாடகை ஓடும் என்றால், பழுதுக்கு மாற்றாக யார் உபரி வைத்திருப்பார்கள்? சொந்த வண்டி இல்லாத தேசியமயம் என்னைப் பொறுத்தவரை அரைக்கிணறு தாண்டிய கதைதான்.

எரிச்சலின் உச்சம் இழப்பீட்டில் இருக்கிறது. 15 நிமிடம் தாமதமானால் ஒருவழிக் கட்டணத்தில் கால் பங்கு திரும்பக் கிடைக்கும், அரை மணி நேரமானால் பாதி. ஆனால் பாதிப் பெட்டிகளோடு வந்த ரயில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் ஒரு பென்னி கிடையாது. கைப்பிடிகூட எட்டாமல், வழி முழுக்க கதவோரம் நசுங்கி வந்தது கணக்கிலேயே வராது.

ஆனாலும் பழையபடி தனியாரிடம் கொடுக்கச் சொல்ல மாட்டேன். லண்டனிலிருந்து எடின்பரோ போகும் கிழக்குக் கடற்கரைத் தடத்தைத் தனியாரால் நடத்த முடியாமல் போனபோது 2009இலும் 2018இலும் அரசுதான் எடுத்து ஓட்டியது. ரயிலை அரசே ஓட்டும் முடிவை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இந்த வழியில் வீடு பார்க்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ரயில் கிளம்பும் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கிடைத்தால் பாருங்கள், நடுவில் எங்கேயும் வேண்டவே வேண்டாம்.