இன்டர்நெட் கொம்பனியில் இருந்து பதிப்புரிமைக் கடிதம் வந்ததா? காசு கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கனடாவில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஜெர்மனியில் இருக்கிறவர்கள் இதை நம்பி வக்கீல் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். அங்கே கதை வேறு.

2017 பெப்ரவரி. ஸ்காபரோவில் எங்கள் வீடு, கீழே பேஸ்மென்ட்டில் கொலிச்சில் படிக்கிற ஒரு பெடியன் வாடகைக்கு இருந்தான். ஒருநாள் வேலைத்தலத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் போனைத் திறந்தால் இன்டர்நெட் கொம்பனியின் மின்னஞ்சல். பில் என்று நினைத்தேன். தலைப்பில் பதிப்புரிமை மீறல் என்று இருந்தது. கீழே ஓர் ஆங்கிலப் படத்தின் பெயர். அப்படி ஒரு படம் வந்ததே எனக்குத் தெரியாது. அதன் கீழே எங்கள் ஐ.பி. இலக்கம் (இன்டர்நெட்டில் எங்கள் வீட்டு இணைப்பை அடையாளம் காட்டுகிற எண்), தேதி, நேரம், கோப்பின் பெயர். அப்புறம்தான் நெஞ்சைப் பிடிக்கிற பகுதி: வழக்குப் போட்டால் 150,000 டொலர் வரை தண்டம் வரலாம், இந்த இணைப்பை அழுத்தி 350 அமெரிக்க டொலர் கட்டினால் விஷயத்தை இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

சோற்றுப் பெட்டியைத் திறக்காமலே மூடி வைத்தேன். வீட்டுக் கடன் தலைக்கு மேல் இருக்கிறவனிடம் 150,000 என்று சொன்னால் வேறு என்ன செய்வான்?

வீட்டுக்கு வந்து இன்டர்நெட் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். 40 நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் வந்தார். கடிதத்தைப் பற்றித் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது, அனுப்பியவர்களோடு பேசுங்கள் என்றார். "நீங்கள் என் பெயரைக் கொடுத்துவிட்டீர்களா?" என்று ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை, அவரும் தானாகச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, உங்கள் வைஃபைக்குப் பாதுகாப்புப் போதாது, மாதம் 7 டொலருக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். பயத்தில் அதற்கும் ஓம் என்றேன். அது வைரஸ் தடுக்கிற சாதாரண மென்பொருள். இந்தக் கடிதத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று விளங்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. 7 டொலரைப் பதினெட்டால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, யார் செய்தது என்ற விசாரணை. கடிதத்தில் இருந்த நேரம் ஞாயிறு அதிகாலை 2:40. அந்த நேரம் நானும் மனைவியும் பிள்ளைகளும் நித்திரை. முதல்நாள் மார்க்கம் நகரத்தில் ஒரு சாமத்திய வீடு (பூப்பு விழா), பதினொன்றரைக்குத்தான் வந்து படுத்தோம். விழித்திருக்கக்கூடியது ஒரே ஒரு ஆள். கீழே இருக்கிற பெடியன் கோப்பிக் கடையில் மாலை வேலை முடித்து ஒரு மணிக்கு வருவான், மூன்று மணி வரை லைட் எரியும். திருச்சிப் பக்கத்துப் பிள்ளை. கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணா, சத்தியமா நான் எதையும் டவுன்லோட் பண்ணலை" என்றான். போனில் எதையோ திறந்து காட்டினான். நான் சரியாகப் பார்க்கவில்லை. "தம்பி, உண்மையைச் சொன்னால் காசைப் பாதி பாதி போடலாம்" என்றேன். அவன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மனைவி, "பாவம், அப்பிடிச் செய்யிற பிள்ளை இல்லை" என்று இரண்டு தரம் சொன்னாள். நான் கேட்கவில்லை. மார்ச் முடிய அவன் வேறு இடம் பார்த்துப் போய்விட்டான்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்ட அன்று இரவே கடிதத்தில் இருந்த இணைப்பை அழுத்தி, பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், கடன் அட்டை எல்லாம் கொடுத்துக் கட்டினேன். கனடாக் காசில் 460 டொலருக்குக் கிட்ட. பற்றுச்சீட்டு மாதிரி ஒரு பக்கக் கடிதம் அனுப்பினார்கள். நிம்மதியாகப் படுத்தேன்.

ஐந்து கிழமைதான். இன்னொரு மின்னஞ்சல் வந்தது. வேறு ஒரு படம், இன்னும் 350 டொலர். இந்த முறை இன்டர்நெட் கொம்பனி வழியாக வரவில்லை. நேரே என் பெயரைப் போட்டு எனக்கே வந்தது. அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது: இவர்களுக்கு என் பெயரைக் கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

பழைய கடிதத்தை முதல் வரியில் இருந்து திரும்பப் படித்தேன். மேலே சின்ன எழுத்தில் இன்டர்நெட் கொம்பனி எழுதிய ஒரு பந்தி இருந்தது. இந்த அறிவித்தலைச் சட்டப்படி உங்களுக்கு அனுப்புகிறோம், உங்கள் விபரம் எதையும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். நான் 150,000 என்ற எண்ணைப் பார்த்தவன், மேலே எதையும் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். 2012இல் கனடா பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அதில் ஒரு பகுதி 2015 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்தது. படக் கொம்பனிக்காரர் உங்கள் ஐ.பி. இலக்கத்தை மட்டும் பிடித்து, இன்டர்நெட் கொம்பனிக்கு அறிவித்தல் அனுப்புவார்கள். அந்த இலக்கம் அந்த நேரம் யாருடைய வீட்டில் இருந்தது என்று பார்த்து, அதை அப்படியே உங்களுக்குத் தள்ளிவிடுவது இன்டர்நெட் கொம்பனியின் கடமை. தள்ளாவிட்டால் அவர்களுக்குத்தான் தண்டம், 5,000 முதல் 10,000 டொலர். அறிவித்தலில் சொன்னது சரியா பிழையா என்று அவர்கள் விசாரிப்பதில்லை. தபால்காரர் வேலைதான். உங்களை அடையாளம் காட்டும் பதிவை ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்குள் வழக்கு வந்து அவர்களுக்கும் அறிவித்தால் ஒரு வருடம். உங்கள் பெயர் வேண்டும் என்றால் படக் கொம்பனி நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டும்.

அந்த 150,000 டொலரும் எங்கள் கணக்கு இல்லை. அது அமெரிக்கச் சட்டத்தின் எண். இங்கே வியாபார நோக்கம் இல்லாமல் செய்த மீறலுக்குச் சட்டம் வகுத்த நட்டஈடு 100 முதல் 5,000 டொலர் வரைதான். அதுவும் ஒரு படத்துக்கு இவ்வளவு என்று இல்லை, அந்த வழக்கில் வருகிற எல்லாவற்றுக்கும் சேர்த்து. 5,000 ஒன்றும் சில்லறைக் காசு இல்லை, தெரியும். ஆனால் எனக்குச் சரியான எண்ணைச் சொல்லியிருந்தால் அன்று மத்தியானம் சோற்றையாவது சாப்பிட்டிருப்பேன்.

இரண்டாவது மின்னஞ்சலுக்கு நான் பதில் போடவில்லை. இன்னும் இரண்டு வந்தன, பிறகு நின்றுவிட்டன. கட்டிய காசு கட்டியதுதான்.

பெரிய ஏமாற்று எங்கே நடந்தது என்று எனக்கு 2019இல்தான் தெரிந்தது. அந்த வருடம் மே மாதம் இன்னொரு அறிவித்தல் வந்தது. இந்த முறை காசு கேட்கவில்லை, இணைப்பும் இல்லை. ஆனால் பேஸ்மென்ட்டில் அப்போது யாருமே குடியிருக்கவில்லை. அப்படியென்றால் யார்? அக்காவின் மகள் நெட்வேர்க் சம்பந்தமாகப் படித்தவள். ஞாயிற்றுக்கிழமை வந்து ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தாள். வீட்டில் எல்லோரும் மேசையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறோம், ஒரு போன்கூடக் கையில் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் இருந்து வெளியே தரவு போய்க்கொண்டே இருக்கிறது. ரீவிக்குக் கீழே இருந்த கறுப்புப் பொக்ஸைக் கழற்றினாள். நின்றுவிட்டது.

அந்தப் பொக்ஸ் 2016 நவம்பரில் ஒரு பிளாசாக் கடையில் 220 டொலருக்கு வாங்கியது. தமிழ்ச் சனல்கள் எல்லாம் வரும், புதுப்படம் எல்லாம் வரும் என்றார்கள். வாங்கும்போது நான் கேட்டேன்தான். கடைக்காரத் தம்பி சிரித்தார். "அண்ணை, இது டவுன்லோட் இல்லை, சும்மா பாக்கிறதுதான். பார்க்கிறவனை ஒருத்தரும் பிடிக்கேலாது. எங்கட வீட்டிலயும் இதுதான்." அந்த வருடம் ஜூனிலேயே பெடரல் நீதிமன்றம் இப்படியான பொக்ஸ் விற்ற சிலருக்குத் தடை உத்தரவு போட்டிருந்தது. அந்தத் தம்பிக்கு அது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் 220 டொலருக்கு உலகத்துச் சனல் எல்லாம் வருடக்கணக்கில் வருமா என்று நானும் யோசித்திருக்க வேண்டும். ஆசை.

அந்தப் பொக்ஸில் படம் பார்க்கிற செயலி ஒன்று இருந்தது. வெளியே பார்த்தால் ஸ்ட்ரீமிங் மாதிரி, உள்ளே ஓடுவது டொரென்ட். டொரென்ட்டில் படம் துண்டு துண்டாக வரும். வந்த துண்டுகளை உங்கள் பொக்ஸ் மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கும். பார்ப்பது மட்டும் இல்லை, பகிர்வதும் நீங்கள்தான். படக் கொம்பனிகள் அமர்த்திய ஆட்கள் அந்தக் கூட்டத்துக்குள் தாங்களும் ஒருவராகப் புகுந்து, யார் யார் அனுப்புகிறார்கள் என்று ஐ.பி. இலக்கங்களை எழுதிக்கொள்வார்கள். நாங்கள் ரீவியை மட்டும்தான் நிற்பாட்டுவோம், பொக்ஸை நிற்பாட்டுவதில்லை. பிள்ளைகள் எப்போதோ பத்து நிமிடம் பார்த்துவிட்டு விட்ட படத்தை அது இரவு பகலாக ஊருக்கே விநியோகம் செய்துகொண்டிருந்திருக்கிறது.

காசு கேட்கிற வரிகள் ஏன் காணாமல் போயின என்றும் அவள் சொன்னாள். 2018 டிசம்பரில் சட்டம் மறுபடி திருத்தப்பட்டது. அறிவித்தலில் காசு கேட்கக்கூடாது, சமரசத்துக்குக் கூப்பிடக்கூடாது, உங்கள் சொந்த விபரம் கேட்கக்கூடாது, அதற்கெல்லாம் இணைப்பும் கொடுக்கக்கூடாது. அப்படி இருந்தால் அது சட்டப்படியான அறிவித்தலே இல்லை, இன்டர்நெட் கொம்பனி அதை அனுப்ப வேண்டிய கடமையும் இல்லை. ஆகவே இன்று உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்து அதில் "இங்கே கட்டுங்கள்" என்று இருந்தால், ஒன்றில் அது வடிகட்டாமல் வந்தது, அல்லது முழுப் போலி. எப்படியென்றாலும் அழுத்தாதீர்கள், பதில் போடாதீர்கள். இன்டர்நெட் கொம்பனியின் பெயரில் வந்ததா என்று சந்தேகமாக இருந்தால், மின்னஞ்சலில் உள்ள இலக்கத்தை விட்டுவிட்டு பில்லில் உள்ள இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் ஒன்றும் நடக்காது என்று யாராவது பழைய பொக்ஸைத் திரும்பப் பூட்டினால் அதற்கு நான் பொறுப்பில்லை. இங்கே வழக்குகள் உண்மையாகவே நடக்கின்றன. வோல்டேஜ் பிக்சர்ஸ் என்ற படக் கொம்பனி ரொஜர்ஸ் என்ற இன்டர்நெட் கொம்பனியிடம் பெயர் கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. (என் இன்டர்நெட் கொம்பனி அது இல்லை.) அறிவித்தலை அனுப்புவதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் நீதிமன்ற உத்தரவுப்படி ஆளை அடையாளம் காட்டுவதற்கு இன்டர்நெட் கொம்பனி நியாயமான செலவைக் கேட்கலாம் என்று 2018 செப்டம்பரில் தீர்ப்பு. சும்மா ஆயிரக்கணக்கில் பெயர் கேட்கிறவர்களுக்கு அது ஒரு செலவுதான். பிறகு 2023இல் பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: இன்டர்நெட் கணக்கு ஒருவரின் பெயரில் இருக்கிறது, அவர் அறிவித்தலுக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதை மட்டும் வைத்து அவர்தான் மீறினார் என்று முடிவு கட்ட முடியாது. பேஸ்மென்ட் வாடகைக்கு விடுகிற எங்கள் ஆட்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அறிவித்தல் வேறு, வழக்குப் பத்திரம் வேறு. மின்னஞ்சலில் வருவது அறிவித்தல். நீதிமன்ற முத்திரையோடு உங்கள் பெயர் போட்டு கையில் தருவது வழக்கு. அதற்குப் பதில் கொடுக்க 30 நாள்தான் இருக்கிறது, கொடுக்காமல் விட்டால் உங்கள் பக்கம் கேட்காமலே தீர்ப்பு வரலாம். அது வந்தால் அன்றே வக்கீலிடம் போங்கள். நான் வக்கீல் இல்லை, கையைச் சுட்டுக்கொண்டவன்.

நான் அந்த மே மாதத்து அறிவித்தலுக்குச் செய்தது இவ்வளவுதான்: பொக்ஸைக் கழற்றிக் கராஜில் போட்டேன், வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன், மின்னஞ்சலை அழிக்காமல் ஒரு கோப்புறையில் போட்டு வைத்தேன். ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பொக்ஸ் விற்ற கடை இப்போது நகம் அழகுபடுத்துகிற கடையாகிவிட்டது.

இன்னுமொன்று, நேரம் பற்றி. அக்காவின் மகள் 2017 கடிதத்தையும் வாங்கிப் பார்த்தாள். 2:40 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் யூ.ரீ.சி. என்று மூன்று எழுத்து இருந்தது. "மாமா, இது எங்கட நேரம் இல்லை. லண்டன் குளிர்கால நேரம் மாதிரி. பெப்ரவரியில ஐஞ்சு மணித்தியாலம் கழிக்க வேணும்" என்றாள். ஐந்தைக் கழித்தால் ஞாயிறு அதிகாலை இல்லை, சனிக்கிழமை இரவு 9:40. நாங்கள் எல்லோரும் மார்க்கத்தில் மண்டபத்தில். வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பொக்ஸ் மட்டும்.

அந்தப் பெடியனின் இலக்கத்தைத் தேடி எடுத்துப் பேசினேன். இப்போது கல்கரியில் வேலை. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணா" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கே என் ஷிஃப்ட் நேரத்தைப் போன்ல காட்டினேனே, சனிக்கிழமை நாலுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் கடையிலதான் இருந்தேன்னு" என்றான்.

காட்டினான்தான். இது சனிக்கிழமை, கடிதத்தில் ஞாயிறு என்று சொல்லி, போனைத் திருப்பிக் கொடுத்தது நான்.