சென்னை–டொராண்டோ ‘15 மணி நேர’ டிக்கெட்: பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. அதனால் "15 மணி நேரத்துல போயிடலாம் சார்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு ஊருக்கும் வான்வழித் தூரம் சுமார் 13,400 கி.மீ. அதை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். துபாய் வழியாகப் போனால் பறக்கும் நேரம் மட்டுமே நாலும் பதினாலும் 18 மணி. காத்திருப்பும் சேர்ந்தால் 22 ஆகிவிடும்.

இதை மறைக்க உள்ளூர் நேரம் கைகொடுக்கிறது. அதிகாலை 2.30க்குக் கிளம்பி அன்றே மாலை 3 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கும். பார்ப்பவருக்குப் பன்னிரண்டரை மணி நேரம்தான். கோடையில் டொராண்டோ நம்மைவிட 9.30 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 10.30. அதைக் கூட்டிப் பாருங்கள்.

நேரத்தில் ஏமாந்தால் உடம்பு வலியோடு போகும். டிக்கெட்டை இரண்டாக உடைத்து விற்பதில்தான் பணமே போகிறது. மகள் வீட்டுக்குக் கிளம்பிய ஒரு வயதான தம்பதிக்கு நடந்தது இது. சென்னை–டெல்லி ஒரு பி.என்.ஆர். (முன்பதிவு எண்), டெல்லி–டொராண்டோ வேறொரு பி.என்.ஆர். ஏஜென்ட் அனுப்பிய பி.டி.எஃப்.பில் இரண்டும் ஒரே பயணம் போலத் தெரிந்தது. ஆளுக்கு 23 கிலோ பெட்டி இரண்டு கட்டியிருந்தார்கள். உள்நாட்டு டிக்கெட்டில் அனுமதி 15 கிலோதான், மீதி 31 கிலோவுக்கும் சென்னை கவுண்டரிலேயே பணம் கட்ட வேண்டியதாயிற்று. டெல்லியில் பனிமூட்டத்தால் தாமதம். முதல் டெர்மினலில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு சாலை வழியாக மூன்றாவது டெர்மினலுக்குப் போய்ச் சேர்வதற்குள் செக்-இன் மூடிவிட்டது. இரண்டாவது நிறுவனம் 'நோ-ஷோ' (பயணி வரவில்லை) என்று போட்டதில் திரும்பும் டிக்கெட்டும் ரத்து. சக்கர நாற்காலியும் முதல் பி.என்.ஆரில் மட்டுமே கேட்கப்பட்டிருந்தது. ஏஜென்ட் அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. பெரியவர்களை இப்படி அலையவிடுவதை மன்னிக்கவே முடியாது.

ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால், தாமதத்தால் அடுத்த விமானம் தவறினாலும் மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு.

ஆகவே முன்பதிவு ஆனதும் ஏஜென்டின் பி.டி.எஃப்.பை ஓரமாக வைத்துவிட்டு, ஆறு எழுத்து பி.என்.ஆரை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். சென்னை முதல் டொராண்டோ வரை எல்லா விமானமும் அங்கே வர வேண்டும். 13 இலக்க இ-டிக்கெட் எண்ணும் இருக்க வேண்டும். எண் இல்லாவிட்டால் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள், டிக்கெட் போடவில்லை. சென்னையில் பெட்டி போடும்போது டேக்கில் 'ஒய்.ஒய்.இசட்.' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். டொராண்டோவின் குறியீடு அது.

நியூயார்க் வழி மலிவு என்றால் கூடுதல் கவனம் தேவை. விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். கனடா விசா மட்டும் இருந்தால் சென்னையிலேயே ஏற்றமாட்டார்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, அந்த பி.டி.எஃப். மூன்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள்.