வெறும் வயித்து சுகர் டெஸ்டா, இன்சுலின் டெஸ்டா?

ஏற்காடு கொண்டை ஊசி வளைவுல வயித்துல குட்டி தொத்திக்கிட்டிருக்க ஒரு குரங்கு சிப்ஸ் பாக்கெட்ட பல்லால கிழிச்சு திங்குது, பாத்ததும் பதறிடுச்சுங்க, அதுங்களுக்கும் நம்மள மாதிரியே சுகர் வரும். அமெரிக்கால ஹேன்சன், பாட்கின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ரீசஸ் குரங்குகள தொடர்ந்து கவனிச்சு 1986ல எழுதுனாங்க, குண்டாகுறப்ப ரத்தத்துல மொதல்ல ஏறுறது இன்சுலின்தான் (சுகர கட்டுக்குள்ள வைக்க கணையம் சுரக்குற ஹார்மோன்), சுகர் அப்பவும் நார்மலா இருக்கும், கணையம் களைச்சு இன்சுலின் இறங்குனப்புறம்தான் சுகர் எகிறும்.

சுகர் டெஸ்ட் விலை கம்மி, நம்ம சேலத்துல எந்த தெருவுலயும் எடுத்துடலாம், நோய் வந்துருச்சானு முடிவு பண்ண அதான் வேணும், ஆனா லேட்டாதான் சொல்லும். இன்சுலின் டெஸ்ட் முன்னாடியே கோடி காட்டும். காசு ஜாஸ்தி, லேபுக்கு லேப் அளவு மாறும், கணையம் ஓய ஆரம்பிச்சவங்களுக்கு நார்மல்னே வந்து ஏமாத்தலாம். தொப்பையும் இருந்து அப்பா அம்மாக்கு சுகரும் இருந்தா நான் ரெண்டையும் டாக்டர்ட்ட கேப்பேன்.