ரசீதில் இருந்த ஒரு சொல்லை நம்பி வாங்கிய ரைஃபிள்

கலிபோர்னியாவில் முதன்முறையாக ரைஃபிள் வாங்க நினைக்கும் தமிழர்கள், கடையில் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். ஏறக்குறைய ஏழு வாரங்கள், வைத்திருப்பதே குற்றம் என்று இந்த மாநிலச் சட்டம் சொல்லும் ஒரு பொருளை, அது அப்படிப்பட்டது என்று தெரியாமலேயே என் வீட்டுப் பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்தேன். சட்டப்படி இருந்த ஒரு துப்பாக்கியைச் சட்டத்துக்குப் புறம்பானதாக மாற்றிக் கொடுத்தது, உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடை. அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டது.

மெரினாவில் பலூன் சுட்டதைத் தவிர எனக்குத் துப்பாக்கியோடு பழக்கம் கிடையாது. சாக்ரமெண்டோ பகுதிக்குக் குடிவந்த பிறகு, அலுவலகத்தில் மூத்தவரான மதுரை அண்ணன் ஒருவர் வார இறுதிகளில் இலக்குச் சுடுதலுக்குப் போவதைப் பார்த்து ஆர்வம் வந்தது. கிரீன் கார்டு கைக்கு வரும் வரை நான் எந்தத் துப்பாக்கியையும் தொடவில்லை. எச்-1பி விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற ஒரு விதிவிலக்கு இல்லாமல், துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் அதில் அடங்கும். நண்பர்கள் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துப் போடும்போது இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பதால் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.

வாங்கும் நடைமுறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 25 டாலர் கட்டிப் பாதுகாப்புச் சான்றிதழுக்கான தேர்வு எழுதினேன். 30 கேள்விகளில் 23 சரியாக இருந்தால் தேர்ச்சி. மாநிலத்துக்குச் செலுத்தும் பின்னணிச் சோதனைக் கட்டணம் 37 டாலர் 19 சென்ட். அதன்பின் பத்து நாள் காத்திருப்பு. 2024 ஜூலை முதல் கடைக்காரர்கள் மீது விதிக்கப்படும் 11 சதவீதத் தனி வரி, வழக்கம்போல் ரசீதில் நம் தலையில் வந்து விழுகிறது. நான் வாங்கிய ரைஃபிளின் விலை 1,040 டாலர் என்பதால் அந்த வரி மட்டும் 114 டாலர் 40 சென்ட் ஆயிற்று, விற்பனை வரி தனி. இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்த செலவுகள்தாம்.

சிக்கல் எங்கே வந்தது என்று புரிய, சட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1989 ஜனவரியில், எங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கும் ஸ்டாக்டன் நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஒருவன் சுட்டதில் ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஆண்டே, ‘அசால்ட் வெப்பன்’ என்று சில துப்பாக்கிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டுத் தடுக்கும் சட்டம் இங்கே வந்தது. பெயரை மாற்றிவிட்டு அதே துப்பாக்கியை விற்கத் தொடங்கினார்கள். அதனால் 2000-ஆம் ஆண்டு முதல், பெயர் எதுவாக இருந்தாலும் சில உறுப்புகள் இருந்தாலே தடை என்று ஆக்கினார்கள். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா வெடித்து அடுத்த தோட்டா தானாக ஏறும் வகையான சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடிப்பக்க நடுவில் அடித்து வெடிக்கும்) ரைஃபிளில், கழற்றக்கூடிய மேகசின் (தோட்டாக்கள் அடைக்கும் பெட்டி) இருந்து, அதோடு கீழே துருத்தி நிற்கும் பிஸ்டல் பாணிக் கைப்பிடியோ, கட்டைவிரல் நுழையும் துளையுள்ள கட்டையோ, மடங்கும் அல்லது நீளம் மாறும் தோள்கட்டையோ, முன்கைப்பிடியோ, குழல் முனையில் தீச்சுடரை மறைக்கும் கருவியோ ஒன்றே ஒன்று இருந்தாலும், அது அசால்ட் வெப்பன். மேகசின் கழற்ற முடியாததாக இருந்தால் இந்த உறுப்புகளை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளக் கூடாது.

ஆகவே ஏ.ஆர். வகை (ராணுவத் துப்பாக்கியின் தோற்றம் கொண்ட) ரைஃபிள் வேண்டும் என்பவர்களுக்கு இங்கே இரண்டே வழிகள். ஒன்று, அந்த உறுப்புகள் எதுவும் இல்லாத ‘ஃபீச்சர்லெஸ்’ வடிவம். கைப்பிடிக்குப் பின்னால் மீன் துடுப்பைப் போல ஒரு தகடு நீண்டிருக்கும். அதனால் கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்க முடியாது. பார்க்க அழகாக இருக்காது, மணிக்கட்டு வலிக்கும், ஆனால் மேகசினை வழக்கம்போல் மாற்றலாம். மற்றொன்று, சாதாரணக் கைப்பிடியை வைத்துக்கொண்டு மேகசினை நிலையாகப் பூட்டிவிடுவது. பின்பக்க ஆணியை இழுத்து, மேல்பாகத்தையும் கீழ்பாகத்தையும் பிரித்தால் ஒழிய மேகசின் வெளியே வரக் கூடாது. சுட்டு முடித்ததும் ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைப் பிரித்து மூட வேண்டும்.

நான் முதலில் வாங்கியது ஃபீச்சர்லெஸ். ரசீதில் ‘கலிபோர்னியா கம்ப்ளையண்ட்’ (கலிபோர்னியா சட்டத்துக்கு உட்பட்டது) என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள், அந்த நேரத்தில் அது உண்மையும்கூட. இரண்டு வாரம் சுட்ட பிறகு மணிக்கட்டு வலி தாங்காமல் கடைக்குத் திரும்பப் போனேன். அங்கே பட்டறையில் இருந்தவர் மிகுந்த கனிவோடு பேசினார். மேகசினைப் பூட்டும் கருவியை மாட்டிவிட்டுச் சாதாரணக் கைப்பிடி போட்டுத் தருவதாகவும், இப்படி நூற்றுக்கணக்கானவற்றைச் செய்திருப்பதாகவும், எல்லாம் சட்டப்படிதான் என்றும் சொன்னார். உதிரிப்பாகத்துக்கு 45, வேலைக்கு 185, ஆக 230 டாலர். மறுநாளே கொடுத்துவிட்டார். மேகசினை எப்படி எடுப்பது என்று கேட்டதற்கு, பக்கவாட்டில் குழிக்குள் இருந்த சிறிய பொத்தானைக் காட்டி, விரலால் அழுத்த முடியாது, தோட்டாவின் நுனியால் அழுத்தினால் போதும் என்றார். துப்பாக்கியைப் பிரிக்கத் தேவையில்லையே, என்ன வசதி என்று நான் மகிழ்ந்தேன். அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உரிமம் பெற்ற கடை, பட்டறைக்காரர், அச்சடித்த ரசீது என்று மூன்றும் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டன.

மூன்றாவது முறை சுடுதளத்துக்குப் போனபோது, அங்கே மேற்பார்வை செய்யும் முதியவர் என் பின்னால் வந்து நின்றார். நான் தோட்டா நுனியால் மேகசினை விடுவிப்பதைப் பார்த்தவர், சுடுவதை நிறுத்தச் சொல்லி, துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, என்னைத் தனியாக அழைத்துப் போனார். நான் அழுத்திக்கொண்டிருந்தது ‘புல்லட் பட்டன்’. கருவி இல்லாமல் எடுக்க முடியாத மேகசின் கழற்றக்கூடியது ஆகாது, தோட்டாவும் ஒரு கருவிதான் என்ற வாதத்தின் பேரில் ஒரு காலத்தில் அந்தப் பொத்தான் சட்டத்துக்குள் அடங்கியிருந்தது. 2016-இல் இயற்றப்பட்டு 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. துப்பாக்கியின் இயங்குபாகத்தைப் பிரிக்காமல் எடுக்க முடிந்தால் அது நிலையான மேகசின் ஆகாது. ஏற்கெனவே அப்படி வைத்திருந்தவர்கள் பதிவு செய்துகொள்ளத் தரப்பட்ட கெடுவும் 2018 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது பதிவு செய்யலாம் என்றாலும் வழியில்லை.

காரில் ஏற்றுவதற்கு முன்னால் அந்தக் கைப்பிடியைக் கழற்றிவிடுமாறு அவர் சொல்லி, திருப்புளியையும் தந்தார். ஒரே ஒரு திருகாணிதான். அதைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று தெறித்துச் சரளைக் கற்களுக்குள் போய்விட்டது. பதற்றத்தில் அதைத் தேடவும் மனமில்லை. அந்த மனிதர் நினைத்திருந்தால் அப்போதே காவல்துறையை அழைத்திருக்கலாம். அவருக்கு நான் பட்ட நன்றியை இங்கே பதிவு செய்கிறேன்.

அடுத்த வாரம் 350 டாலர் கொடுத்து ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அவர் சொன்னவை பலவும் எனக்கு அதிர்ச்சி. அசால்ட் வெப்பனை வைத்திருப்பது, சூழலைப் பொறுத்துச் சிறு குற்றமாகவோ பெருங்குற்றமாகவோ வழக்குத் தொடரக்கூடிய குற்றம். அதைத் தயாரிப்பதும் விற்பதும் நேரடியாகப் பெருங்குற்றம், நான்கு, ஆறு அல்லது எட்டு ஆண்டுகள் சிறை. எனக்குத் தெரியாமல் நடந்ததே என்று கேட்டேன். 2000-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தீர்ப்பளித்திருக்கிறது. துப்பாக்கியைத் தடைக்கு உட்படுத்தும் தன்மைகள் வைத்திருப்பவருக்குத் தெரிந்திருந்தது அல்லது நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்றார். சற்று நிம்மதியடைந்தேன். உடனே அவர், உங்கள் துப்பாக்கியில் என்ன கைப்பிடி இருந்தது, மேகசின் எப்படிக் கழன்றது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்துதானே இருந்தது, சட்டம் மட்டும்தானே தெரியாது, என்று கேட்டார். பதில் இல்லை. அதற்கும் மேலே ஒன்று: துப்பாக்கி தொடர்பான குற்றத்துக்கான தண்டனை, குடியுரிமை பெறாதவர்களைப் பொறுத்தவரை நாடுகடத்தலுக்கு ஒரு தனிக் காரணமாகக் குடியேற்றச் சட்டத்திலேயே இருக்கிறது. பதினோரு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற கிரீன் கார்டு, 45 டாலர் பொத்தானில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

கடைக்குப் போய்க் கேட்டபோது அந்தக் கனிவு காணாமல் போயிருந்தது. பட்டறைக்காரர் வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாராம். மேலாளர் ரசீதைக் காட்டச் சொன்னார். முதல் ரசீதில் இருந்த ‘கம்ப்ளையண்ட்’ என்ற சொல் இரண்டாவது ரசீதில் இல்லை. ‘பொருத்துதல் வேலை, உதிரிப்பாகம்’ என்று மட்டுமே இருந்தது. நீங்கள் கேட்டதைத்தான் செய்தோம், வாடிக்கையாளர் தம் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்துக்கொள்வது அவரவர் பொறுப்பு என்றார். சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். 12,500 டாலர் வரை தனிநபர் அங்கே வழக்குப் போடலாம் என்பதால் தொகை தடையில்லை. ஆனால் மனுவில் முதல் வரியிலேயே, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இப்படிப்பட்ட துப்பாக்கி என்னிடம் இருந்தது என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று அவர் நினைவூட்டினார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். திருடாமலேயே எனக்கு அந்த நிலை. கடைக்காரருக்கும் அது நன்றாகத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: ‘கம்ப்ளையண்ட்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். எந்த வழியில் அது சட்டத்துக்கு உட்பட்டது, ஃபீச்சர்லெஸ்ஸா, நிலையான மேகசினா என்று கேளுங்கள். நிலையான மேகசின் என்றால், துப்பாக்கியைப் பிரிக்காமல் மேகசினை எடுத்துக் காட்ட முடியுமா என்று அவரிடமே கொடுத்துப் பாருங்கள். எடுத்துவிட்டால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். எந்த உதிரிப்பாகம், என்ன மாதிரி என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கழிவு விலையில் கிடைக்கிறது என்று வேறு மாநிலத்திலிருந்து யாராவது தரும் பாகங்களை மாட்டிக்கொள்ளாதீர்கள். எனக்கு அந்தக் கடை அன்பளிப்பாகத் தந்த குழல் முனைக் கருவியின் உறையில், உதைப்பையும் தீச்சுடரையும் சேர்த்துக் குறைக்கும் என்று பெருமையாக அச்சிட்டிருந்தது. தீச்சுடரைக் குறைத்தாலே அது தடைப்பட்ட உறுப்புதான், பெயர் என்னவாக இருந்தாலும். நல்லவேளையாக அதை மாட்டவில்லை. பழைய துப்பாக்கி வாங்குவதாக இருந்தால், 1989 பட்டியலில் பெயர் உள்ளதா என்பதை முதலில் பாருங்கள். பெயர் பட்டியலில் இருந்தால் எந்த உறுப்பைக் கழற்றினாலும் பயனில்லை.

இன்னும் நேர்மையாகச் சொன்னால், எனக்கு ஏ.ஆர். வகையே தேவைப்பட்டிருக்கவில்லை. காகித இலக்கில் ஐம்பது கெஜத்தில் சுடுபவனுக்கு .22 ரிம்ஃபயர் (அடிவிளிம்பில் அடித்து வெடிக்கும் சிறிய தோட்டா வகை) போதும். மேலே சொன்ன உறுப்புகள் பற்றிய விதி சென்டர்ஃபயர் ரைஃபிள்களுக்கு மட்டுமே உரியது. இப்போது நான் பயன்படுத்துவது ரூகர் 10/22. 1964 முதல் விற்பனையில் இருக்கும் எளிய துப்பாக்கி. அதன் சுழல் மேகசின் பிறந்ததே பத்துத் தோட்டாக்களுக்குத்தான். வேட்டைக்குப் போக விரும்புபவர்கள் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் வகையை வாங்கினால் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. ஈயம் இல்லாத தோட்டாதான் பயன்படுத்த வேண்டும் என்ற 2019 விதியை மட்டும் நினைவில் வையுங்கள். மதுரை அண்ணன் இதையெல்லாம் முதல் நாளே சொன்னார். எனக்குத்தான் திரைப்படத்தில் பார்த்த வடிவம் கண்ணில் நின்றது.

அந்த ரைஃபிளை வேறொரு பட்டறையில் 60 டாலர் கொடுத்துப் பழையபடி துடுப்புக் கைப்பிடிக்கு மாற்றி, பழைய பொத்தானையும் கழற்றி, தொலைந்த ஸ்பிரிங்கையும் போட்டு, என்ன செய்யப்பட்டது என்று எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். முந்தைய கடை, நல்லெண்ணத்தின் பேரில் என்று சொல்லி 45 டாலருக்கு ஒரு வரவுச் சீட்டை அஞ்சலில் அனுப்பியிருந்தது. எதற்காக அந்த வரவு என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.