520டி காரா, எக்ஸ்5 ஜீப்பா: விசுவமடுவிலிருந்து ஒரு மதிப்பீடு

எங்கள் வீட்டுக்கு வருவதென்றால், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ35 வீதியை விசுவமடுவில் விட்டுத் திரும்பி, வாய்க்கால் கரையோரமாக 4 கிலோமீற்றர் கிரவல் பாதையில் உள்ளே வரவேண்டும். சொகுசுக் கார் வாங்குவதா, சொகுசு ஜீப் வாங்குவதா என்று மூன்று மாதம் யோசித்தபோது, கொழும்பு வரையான முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றரை விட இந்த நான்கு கிலோமீற்றரே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. விற்பவர்கள் எஸ்யூவி என்று சொல்வதை வன்னியில் நாங்கள் ஜீப் என்றே சொல்கிறோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு ஒரே நிறுவனத்தின், ஏறத்தாழ ஒரே காலத்து வாகனங்கள் இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒன்று, வவுனியாவிலுள்ள அண்ணரின் நண்பர் வைத்திருக்கும் பிஎம்டபிள்யூ 520டி கார். மற்றையது விற்பனைக்கு வந்திருந்த எக்ஸ்5 30டி ஜீப். இரண்டிலும் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையிலுள்ள தூரம் ஒன்றேதான், 2975 மில்லிமீற்றர். நீளத்திலும் பெரிய வேறுபாடில்லை; சொல்லப்போனால் கார் ஒரு விரலளவு நீளம் கூடியது. ஆகவே ஜீப் என்றால் பெரிய வாகனம், உள்ளே இடம் அதிகம் என்ற எண்ணத்தோடு போகிறவர்கள் பின் ஆசனத்தில் கால் வைக்கும் இடத்தை ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. கூடுவது உயரமும் அகலமும், அவற்றோடு ஏறத்தாழ 500 கிலோ எடையும்தான்.

அந்த எடையும் உயரமும், கொழும்புக்குப் போக நாங்கள் பிடிக்கும் ஏ9 வீதியில் தெளிவாகத் தெரிகின்றன. என் தாயாருக்கு முதுகு நோவு உண்டு. கொழும்புக் கிளினிக்குக்கு அவரை மாதம் ஒருமுறை கூட்டிச் செல்கிறேன். அதிகாலையில் புறப்பட்டு, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, மாங்குளமும் புளியங்குளமும் ஓமந்தையும் கடந்து வவுனியாவை அடைவதற்குள், காரில் வந்த நாளில் அவர் நித்திரையாகிவிட்டார். மதவாச்சியில் விழித்தபோது, "தம்பி, கட்டிலில படுத்த மாதிரிக் கிடந்தது" என்றார். ஜீப்பில் போன நாளில் அவர் தூங்கவில்லை. அது குலுக்கியது என்று சொல்லமாட்டேன். ஆனால் உயரமான வாகனம் வளைவில் சாயாமல் இருப்பதற்காக அதன் ஸ்பிறிங்குகளையும் சாய்வைத் தடுக்கும் கம்பிகளையும் சற்று இறுக்கமாகவே அமைக்கவேண்டியிருப்பதால், வீதியின் ஒரு பக்கம் மட்டும் பள்ளமாயிருக்கும் இடங்களில் உள்ளேயிருப்பவரின் தலை இடமும் வலமுமாக அசைகிறது. இளையவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது, நோவுள்ள முதுகுக்குத் தெரியும். பாதையில் பதிந்து செல்லும் அமைதியிலும், பிறேக் பிடித்தால் நிற்கும் உறுதியிலும், ஓட்டுபவரின் கை களைக்காத தன்மையிலும் காரே நல்ல வாகனம் என்பதில் எனக்கு ஐயமில்லை. இரவில் தார்ச் சூட்டுக்காக மாடுகள் வீதியில் படுத்திருக்கும் எங்கள் பகுதியில், கடைசி நேரத்தில் விலத்தி எடுப்பதற்கும் பாரம் தாழ்வாக அமைந்த கார்தான் கைக்கு அடங்குகிறது.

ஊர்களுக்கு வெளியே 70 கிலோமீற்றர்தான் வேக எல்லை என்பதால், எந்த எஞ்சின் எவ்வளவு பலம் என்ற பேச்சை நான் நீட்டப் போவதில்லை. காரின் 2 லீற்றர் எஞ்சினே போதும்.

விசுவமடுவில் திரும்பியதும் கணக்கு மாறுகிறது. காரின் அடிப்பாகத்துக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள உயரம் ஏறத்தாழ 145 மில்லிமீற்றர். ஜீப்பில் அது 214. மூன்று விரலகலத்துக்குச் சற்றுக் கூடிய இந்த வேறுபாடு எங்கே தேவைப்படுகிறது என்பதைப் பாதையில் போனால்தான் விளங்கிக்கொள்ளலாம். நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் மாரியில் ஓடி ஓடி, இரண்டு சில்லுத் தடங்களும் தாழ்ந்து நடுப்பகுதி வரம்புபோல எழுந்துவிடும். கோடையில் அது காய்ந்து கல்லாகிவிடும். கார் அந்த வரம்பில் உரசிக்கொண்டு போகும். காப்பெற் போட்ட தார் வீதியிலும் ஓர் இடர் உண்டு. எதிரே பஸ் வரும்போது ஒதுங்கவேண்டும். காப்பெற்றின் விளிம்புக்கும் கரைக் கிரவலுக்கும் இடையே அரையடிவரை படியிருக்கும் இடங்களில், காரைக் கீழே இறக்கிவிட்டு மீண்டும் ஏற்றுவது அதன் அடித்தட்டைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

ஆனால் உயரத்தை விட முக்கியமானது ரயரின் பக்கச் சுவர் என்பதே என் முடிவு. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ரயரில் 245/45 என்று எழுதியிருந்தால், அகலம் 245 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 45 வீதம் என்று பொருள். அதாவது 110 மில்லிமீற்றர். நான் ஓட்டிய காரில் இருந்தது அந்த அளவுதான். 255/55 ரயரில் அது 140 மில்லிமீற்றர். கிரவலில் பதிந்திருக்கும் கூர்க்கல்லின் அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவரும் அதற்குள்ளிருக்கும் காற்றும்தான். சுவர் குட்டையாக இருந்தால் அடி நேரே அலுமினியச் சில்லில் இறங்கும். காரை இரவல் எடுத்த மூன்றாம் நாளே எனக்கு அது நடந்தது. வாய்க்கால் மதகடியில் முன் இடது ரயரின் பக்கச் சுவர் கிழிந்தது. அதில் ஸ்பெயார் சில்லு கிடையாது. காற்றில்லாமலே மெதுவாக 80 கிலோமீற்றர்வரை ஓடக்கூடிய வகை ரயர் என்பதால் கிளிநொச்சிவரை போய்ச் சேர்ந்தேன். அங்கே கடைக்காரத் தம்பி ரயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இந்த வகை எங்களிட்ட வராது, கொழும்பில இருந்துதான் எடுக்கவேணும்" என்றார். கார் ஐந்து நாள் கராஜில் நின்றது. நண்பரின் வாகனத்தை அப்படித் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது இன்றும் எனக்கு வருத்தம்தான். வன்னியில் எந்தச் சொகுசு வாகனம் வாங்கினாலும், விலை பேசுவதற்கு முன் ரயர் அளவைக் குறித்துக்கொண்டு உங்கள் ஊர் ரயர் கடைக்குப் போய் விசாரியுங்கள்.

ஒக்டோபர் முதல் ஜனவரிவரையான மாரிக்கும் இதே நியாயம்தான். 2018 டிசெம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் எந்தெந்தப் பாதைகள் மறையும் என்பது மனப்பாடமாகத் தெரியும். எக்ஸ்5 ஜீப்பை 500 மில்லிமீற்றர் ஆழம்வரை நீரில் மெதுவாக ஓட்டலாம் என்பது நிறுவனத்தின் அளவு. அது ஏறத்தாழ முழங்காலளவு. காரில் அந்த ஆழத்தில் இறங்கவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் பழுதுபார்ப்பதற்குப் பதிலாக எஞ்சினையே மாற்றவேண்டி வரலாம்.

வயதானவர்கள் ஏறி இறங்குவதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. காரில் தாயார் எளிதாக இருந்துவிட்டார். எழும்பத்தான் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. என் மைத்துனரின் பிராடோவில் இதற்கு நேர்மாறு: இறங்குவது எளிது, ஏறுவது மலை. எக்ஸ்5 ஆசனம் தாயாரின் இடுப்பளவில் இருந்ததால், முதலில் இருந்து பிறகு காலைத் திருப்பி வைத்துக்கொண்டார். பிராடோவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தனிச் சட்டகத்தின்மேல் கட்டிய அந்த வாகனம் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிக் காட்டுப்பாதைகளுக்கு எக்ஸ்5 ஜீப்பை விட உறுதியானது, வன்னியில் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் அதிகம். ஆனால் கொழும்புப் பயணத்தில் அது தரும் அலைச்சல் ஒரு நோயாளிக்கு ஏற்றதல்ல.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் நிரப்பிப் பார்த்த அளவில் கார் ஏ9 வீதியில் லீற்றருக்குப் 16 கிலோமீற்றர் ஓடியது, ஜீப் 11. இரண்டுக்கும் சுப்பர் டீசலே தேவை. அது எல்லா நிரப்பு நிலையங்களிலும் இருப்பதில்லையென்பதால் கிளிநொச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டாலும், தீர்வை எஞ்சினின் கொள்ளளவை வைத்து ஏறுவதால் 3 லீற்றர் ஜீப்பைப் புதிதாக எடுப்பதை நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. இரண்டையும் பாவித்த வாகனங்களாகவே மதிப்பிட்டேன்.

வவுனியா நகரிலோ கிளிநொச்சியிலோ, படலையைத் திறந்தால் காப்பெற் வீதி என்ற நிலையில் வீடிருப்பவர், ஜீப்பில் போனால்தான் மதிப்பு என்ற ஊர்ப் பேச்சுக்காக அதை வாங்கவேண்டாம்; 520டி அவருக்கு எல்லா வகையிலும் மேலானது. அண்ணர் அதையே தேடிக்கொண்டிருக்கிறார். நான் எக்ஸ்5 ஜீப்பை வாங்கினேன். அது 20 அங்குலச் சில்லுகளோடு வந்தது. பார்ப்பதற்கு அழகான அந்தச் சில்லுகளை முதல் கிழமையிலேயே விற்றுவிட்டு, 255/55 ரயர் போட்ட 18 அங்குலச் சில்லுகளை மாட்டி, ஐந்தாவதாக ஒன்றையும் வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன். அது நெல் மூட்டை ஒன்றின் இடத்தைப் பிடிக்கிறது. தாயாரின் முதுகுக்குப் பின் ஆசனத்தில் தடித்த தலையணை ஒன்று போட்டிருக்கிறேன். சென்ற மாதம் புத்தளம் தாண்டியபின் அரை மணித்தியாலம் தூங்கினார்.