கேப் எபிக்கா, டிரான்ஸ்ஆல்ப்பா: உங்கள் ஜோடிக்கு எது?

பல நாள் மலை சைக்கிள் பந்தயத்துக்கு இரண்டு பேர் சேர்ந்து கிளம்புவது என்று முடிவானதும் முதல் சண்டை எங்கே போவது என்பதில்தான் வரும். ஒருவர் தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் என்பார். இன்னொருவர் ஆல்ப்ஸ் மலையைக் குறுக்கே கடக்கும் டிரான்ஸ்ஆல்ப் என்பார். மூத்தது டிரான்ஸ்ஆல்ப், 1998இல் தொடங்கியது. கேப் எபிக் 2004இல் வந்தது. அதைத் தொடங்கிய கெவின் வெர்மாக், கோஸ்டா ரிக்காவின் லா ரூட்டா பந்தயத்தில் ஓட்டிப் பார்த்து, அந்த ஆசையில் சொந்த நாட்டில் இதை ஆரம்பித்தவர். வயதில் இளையதாக இருந்தாலும் இன்று புகழில் கேப் எபிக்தான் முன்னால் நிற்கிறது. தொலைக்காட்சி, உலக சாம்பியன்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டிகள் என்று அது ஒரு திருவிழா. அதனாலேயே பலர் யோசிக்காமல் அதற்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து.

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கேப் எபிக் எட்டு நாள்: முதல் நாள் ஒரு குட்டி முன்னோட்டம், அப்புறம் நாளுக்கு ஒன்றாக ஏழு ஸ்டேஜ். மொத்தம் 600 முதல் 700 கிலோமீட்டர், ஏற்றம், அதாவது எல்லா நாளும் ஏறும் உயரத்தின் கூட்டல், 15,000 மீட்டரை ஒட்டி. டிரான்ஸ்ஆல்ப்பில் தூரம் பொதுவாக அதைவிடக் குறைவு, ஏற்றம் ஏறக்குறைய அதே அளவு. இந்தக் கடைசி வரியைத்தான் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். குறைந்த தூரத்துக்குள் அதே ஏற்றம் என்றால், ஏறுவது நீளமாகவும் நிற்காமலும் இருக்கும் என்று பொருள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் ஜோடியில் ஒருவர் மணிக்கு 1,000 மீட்டர் உயரம் ஏறக்கூடியவர், மற்றவர் 800 மீட்டர். ஆல்ப்ஸில் ஒரே மூச்சில் 1,200 மீட்டர் ஏறும் கணவாய் அபூர்வமில்லை. முதலாமவருக்கு 72 நிமிடம், இரண்டாமவருக்கு 90. பதினெட்டு நிமிட இடைவெளி. கேப்பில் 150 மீட்டர் குன்று ஒன்று என்றால் ஒருவருக்கு 9 நிமிடம், மற்றவருக்குப் பதினொன்றேகால். உச்சியில் நின்று ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்பதற்குள் ஜோடி வந்துவிடும். கேப்பில் பெரிய ஏற்றமே இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது. ஆனால் அங்கே நாளை நிரப்புவது இந்த மாதிரிக் குன்றுகள்தான்.

இந்த இடைவெளி ஏன் முக்கியம்? கேப் எபிக்கில் ஜோடி இருவரும் எப்போதும் இரண்டு நிமிட இடைவெளிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மீறினால் ஒரு மணி நேரம் தண்டனை. முடிவுக் கோட்டில் எழுதப்படுவதும் பின்னால் வருபவருடைய நேரம்தான். டிரான்ஸ்ஆல்ப்பில் ஜோடியாகப் பெயர் கொடுத்தவர்களுக்கும் சேர்ந்து ஓட்டுவதுதான் ஆட்டம். ஆக, ஆல்ப்ஸ் ஏற்றத்தில் வலுவானவர் ஒன்றரை மணி நேரம் தன் வேகத்தை அடக்கிக்கொண்டே ஓட்ட வேண்டும். இது அவருக்கு ஓய்வு ஆகாது, எரிச்சல் ஆகும். மற்றவருக்கு இன்னும் மோசம். தன்னால் தாமதமாகிறது என்ற எண்ணத்தோடே தன் எல்லைக்கு மேல் மிதித்து, மூன்றாம் நாள் காலையில் கால் எழும்பாமல் உட்கார்ந்துவிடுவார்.

கேப்பில் வேறு கதை. ஜீப் தடங்களும் பண்ணைச் சாலைகளும் நிறைய. பந்தயம் நடக்கும் மேற்குக் கேப் மாகாணத்தின் தென்கிழக்குக் காற்று பிடித்துக்கொண்டால் சமதளமே ஏற்றம் மாதிரிதான். அங்கே வலுவானவர் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவர் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு வரலாம். வண்டி மாட்டில் வலத்தங்காளை, இடத்தங்காளை பார்த்துப் பூட்டுவது போல, பலத்தை இடம் பார்த்துப் பயன்படுத்த வழி இருக்கிறது. குன்றில் முதுகில் கை வைத்து ஜோடியைத் தள்ளிக்கொண்டு போகும் காட்சியும் அங்கே சகஜம். என் முடிவு இதுதான்: இருவருக்கும் பலத்தில் நல்ல வித்தியாசம் இருந்தால் கேப் எபிக். ஏறக்குறைய சமம் என்றால் டிரான்ஸ்ஆல்ப். புகழ், விளம்பரம், நண்பர்கள் போட்ட படங்கள் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஆனால் கேப்பை லேசாக நினைத்துவிடக் கூடாது. அந்தத் தரை ஒரு தனிப் பகை. உதிர்ந்த கல், ஆழமான மணல், புழுதி. பின் வரிசையில் கிளம்பினால் முன்னால் போகும் நூற்றுக்கணக்கான பேரின் புழுதியையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். நம் ஊர் நெருஞ்சி அங்கேயும் உண்டு. டியூப் போட்ட சக்கரத்தோடு போவது வீண் தைரியம். டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவம் உள்ளே நிறைய, கையில் பஞ்சர் அடைக்கும் ரப்பர்த் திரி, இந்த மூன்றும் இல்லாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள். மார்ச் மாதம் அங்கே கோடையின் வால். டல்பாக், வெலிங்டன் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெயில் 40 டிகிரியை நெருங்கும் நாள்களும் வரும். சென்னை, மதுரை வெயிலில் பழகியவருக்கு இது ஒரு சின்ன அனுகூலம் என்று சிலர் சொல்வார்கள். ஐந்து ஆறு மணி நேரம் அந்த வெயிலில் மிதித்த பிறகு அந்த அனுகூலத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதில் எனக்குச் சந்தேகம்.

ஆல்ப்ஸில் பயம் வேறு: குளிர், மழை, பிற்பகல் இடிமழை. 2,000 மீட்டருக்கு மேல் கணவாயில் நனைந்துவிட்டு, அதே ஈர உடையோடு அரை மணி நேரம் இறங்கும்போது விரல் விறைத்துப் பிரேக் பிடிக்க முடியாமல் போகும். ஜூலைதானே என்று மழைச்சட்டையை ஹோட்டலில் விட்டுப் போகிறவர்கள் ஒரு தடவைதான் அப்படிச் செய்வார்கள்.

தங்குமிடம். கேப் எபிக்கில் வரிசை வரிசையாகக் கூடாரங்கள், ஆளுக்கு ஒன்று. சாப்பாடு, குளியல், சைக்கிள் கழுவுமிடம் எல்லாம் ஒரே இடத்தில். இரண்டு மூன்று நாள் ஒரே முகாமில் இருந்துவிட்டு அடுத்த ஊருக்கு நகர்வார்கள். டிரான்ஸ்ஆல்ப் தினமும் ஊர் மாறும். பள்ளி விளையாட்டு அரங்கின் தரையில் பாய் விரித்துப் படுக்கலாம், காசு இருந்தால் ஹோட்டல். குறட்டை தாங்காதவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும். செலவில் கேப் எபிக் அதிகம், அதில் விவாதமே இல்லை. இடம் கிடைப்பதும் கஷ்டம்.

சைக்கிளைப் பற்றி நீட்டி முழக்க ஆசை இல்லை. கேப்புக்கு முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி உள்ள ஃபுல் சஸ்பென்ஷன், இருவருக்குமே. முன்னால் மட்டும் அதிர்வு தாங்கி உள்ள ஹார்ட்டெயிலில் ஒரு கிலோவோ கொஞ்சம் கூடவோ எடை மிச்சமாகும். அந்த மிச்சத்தை எட்டு நாளில் இடுப்பும் உட்காரும் இடமும் வட்டியோடு வசூலித்துவிடும். டிரான்ஸ்ஆல்ப்பில் நல்ல ஓட்டி ஹார்ட்டெயிலோடும் சமாளிக்கலாம். எடையை விட முக்கியமான ஒன்று உண்டு: இரண்டு சைக்கிளும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரே சக்கர அளவு, ஒரே ஆக்சில் (சக்கர அச்சு), பின் கியரைச் சட்டத்தோடு பிணைக்கும் கியர் ஹேங்கரும் ஒரே மாதிரி. அப்போதுதான் பாதி வழியில் ஒருவர் உதிரிப்பாகம் இருவருக்கும் உதவும். பெரிய அணிகள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயின. முதல் ஜோடிக்குப் பின்னால் இரண்டாவது ஜோடி ஒன்றையும் இறக்கியதுண்டு. முன்னவர் சக்கரம் போனால் தங்கள் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது இரண்டாவது ஜோடியின் வேலையாக இருந்தது.

ஜோடி எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கேப் எபிக்கின் வெற்றிப் பட்டியலையே பாருங்கள். ஜெர்மனியின் கார்ல் பிளாட் ஐந்து முறை வென்றவர், மூன்று வெவ்வேறு துணைகளோடு. சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் சாசரும் ஐந்து முறை, அவருக்கும் மூன்று துணைகள். அதில் 2011, 2012 இரண்டும் தென்னாப்பிரிக்காவின் பரி ஸ்டாண்டரோடு. 2013 ஜனவரியில் பயிற்சியின்போது ஸ்டாண்டர் சாலை விபத்தில் இறந்துபோக, அந்த ஆண்டு மார்ச்சில் சாசர் செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவியோடு இறங்கி வென்றார். இன்னொரு சுவிஸ் வீரர் நினோ ஷுர்ட்டர் 2017, 2019, 2025 என மூன்று முறை, மூன்று முறையும் துணை வேறு வேறு ஆள். மறுபக்கம், 2022இல் பெரிதாக யாரும் எதிர்பார்க்காத கியோர்க் எகர், லூகாஸ் பௌம் என்ற ஜெர்மானிய ஜோடி பெரிய பெயர்களைத் தாண்டிப் போனது.

இரண்டுமே வேண்டாம் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று சுவிஸ் எபிக். ஐந்தே நாள், அதே ஜோடி முறை, 2019 முதல் சுவிட்சர்லாந்தின் கிரவுபுண்டன் மாநிலத்தில். ஒற்றையடிப் பாதை இறக்கங்கள் நிறைய. இறங்கத் தெரியாத ஜோடிக்கு நான் சொல்ல மாட்டேன். அருகில் வேண்டும், விசா வேண்டாம் என்றால் சிம்லாவில் கிளம்பும் எம்டிபி ஹிமாலயா 2005இல் தொடங்கிய மலை சைக்கிள் பந்தயம். அதில் தனி ஆளாக ஓட்டுபவர்களே அதிகம், இங்கே பேசும் ஜோடிக் கணக்கு அங்கே அவ்வளவாகப் பொருந்தாது.

டிரான்ஸ்ஆல்ப்பில் இப்போது தனியாகவும் பெயர் கொடுக்கலாம். கேப் எபிக்கில் அந்தப் பேச்சே இல்லை. துணை நடுவில் விலகினால் மற்றவர் தொடர்ந்து ஓட்டலாம், ஆனால் அணியின் பெயர் முடிவுப் பட்டியலில் இருக்காது. அதனால் பணம் கட்டுவதற்கு முன் இருவரும் நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நீண்ட ஏற்றம் ஒன்றில் நேரத்தைக் குறித்துக்கொண்டு மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். மூன்றாம் நாள் மாலையில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடிக்கிறீர்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.